ரப்பர் விரிப்பு

ஸ்ரீமதிக்குக் காலையிலேயே பொறுமை போய்விட்டது. அப்பா எழுந்து நிற்கிறார், வாக்கரைப் பிடிக்கிறார், இடது காலை எடுத்து வைக்கிறார். வலது காலின் முறை வந்ததும் ஆணி அடித்தாற்போல நின்றுவிடுகிறார். தினமும் இதே கூத்து.

"ஒரே எட்டுப்பா. தூக்க முடியலன்னா இழுத்தாச்சும் வைங்க."

அப்பா தங்கப்பாண்டியன் மாட்டேன் என்று தலையாட்டினார். பக்கவாதம் வலது பக்கத்தோடு பேச்சையும் கொண்டுபோயிருந்தது. ஒன்று சொல்ல வந்தால் வேறொன்று வரும், அந்தக் கோபத்தில் வாயை மூடிக்கொள்வார்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பாண்டிமுருகன் நேற்று கறாராகச் சொல்லிவிட்டார். "காலுல பலம் இருக்கு, மனசுதான் இல்ல. ஆடிக்குள்ள நடக்க வச்சிருங்க. விட்டா காலு இறுகிரும். பெறகு நான் வந்தும் பிரயோசனமில்ல." முதல் நாளே, கால் தடுக்கிவிடும், தரையில் விரிப்பு எதுவும் கூடாது என்றிருந்தார். அம்மா ராமுத்தாய் கால்மிதி உட்பட எல்லாவற்றையும் கொல்லையில் கொண்டு போட்டுவிட்டாள்.

சென்னையிலிருந்து தம்பி சரவணக்குமார் போன் செய்தான். "அப்பா நடக்கிற வீடியோ எங்கக்கா? நீ அவரை என்கரேஜ் பண்ணணும்." சென்னையில் உட்கார்ந்துகொண்டு வைத்தியம் சொல்ல யாருக்குத்தான் வராது? போனைப் பட்டென்று வைத்தாள்.

"வேணும்னே செய்றாரும்மா!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்திவிட்டு, அப்பாவிடம் திரும்பினாள். "இப்படியே கெடக்கணும்னா கெடங்க, எனக்கென்ன!"

அப்பாவின் கண் கலங்கியது. ஸ்ரீமதிக்கு வலித்தது. ஆனால் வலியைவிட எரிச்சல் பெரிதாக இருந்தது. அவரை உட்கார வைக்க, மூலையில் கிடந்த மர நாற்காலியைத் தரையோடு வறட்டென்று இழுத்தாள்.

"இழுக்காத! தூக்கி வையி!"

அடுப்படியில் அம்மா கரண்டியை நழுவவிட்டாள். படுத்ததிலிருந்து அப்பா முழுசாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவர். வெடிமருந்து சிந்திய தரையில் ஒரு பெட்டியை இழுத்தால் போதும், உரசலில் தீப்பிடித்து ஷெட்டே போய்விடும். இழுக்காத, தூக்கி வையி என்று ஆயுசு முழுக்கக் கத்திய மனிதர். இந்த வீட்டிலும் அவர் முன்னால் யாரும் எதையும் இழுத்ததில்லை.

ஸ்ரீமதி அவருடைய வலது காலைப் பார்த்தாள். தூக்க வராத கால். இழுக்கத்தான் வரும். இத்தனை நாளும் அதைத்தான் செய்யச் சொல்லி அவரிடம் கத்தியிருக்கிறாள்.

"தரையில உரசுதுன்னுதான் நிக்கீகளாப்பா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது வீடுப்பா. இங்கன ஏது மருந்து?"

தெரியும் என்று தலையாட்டினார். அவருக்குத் தெரிந்து என்ன செய்ய, காலுக்குத் தெரிய வேண்டுமே!

ஸ்ரீமதி கொல்லைக்கு ஓடினாள். உரசல் வராமலிருக்க ஷெட்டுகளில் விரிக்கும் கறுப்பு ரப்பர் விரிப்பு அங்கே கிடந்தது. கம்பெனியில் கழித்துப்போட்ட துண்டுகள் இரண்டை அப்பா எப்போதோ கொண்டுவந்திருந்தார். தூக்கி வந்து, ஒன்றையடுத்து ஒன்றாக விரித்தாள்.

"விரிப்பு கூடாதுன்னு பயிற்சிக்கு வர்ற தம்பி சொன்னாரேடி!" அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க பின்னால புடிச்சுக்கிடுங்க."

அப்பா இடது காலை ரப்பரின் மேல் வைத்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு வலது கால் வந்தது. சரசரவென்று, கோணலாக, ஆனால் வந்தது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். முதல் துண்டு முடிந்து இரண்டாவதும் முடிந்தது. சிமெண்டுத் தரை தொடங்கும் இடத்தில் மறுபடியும் நின்றுவிட்டார்.

"ஐயோ, அப்பா!" ஸ்ரீமதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பின்னால் கிடந்த துண்டை அவசரமாகப் பிடித்து, முன்பக்கம் கொண்டுவர இழுத்தாள்.

"இழுக்காத," என்றார் அப்பா.

ஸ்ரீமதி தூக்கி வைத்தாள்.