எதிர்க்கடைப் படம்

அந்த வட்டாரத்தில் பாதிப் பேரின் முகத்தைப் படமாக்கிச் சுவரில் ஏற்றியவர் ஸ்டுடியோக்காரர். கல்யாணம், முதல் குழந்தை, ஓய்வு பெறும் நாள் என்று நாற்பத்தோரு வருடம் எடுத்துத் தள்ளியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவரின் வீட்டில் அவர் மனைவியின் படம் ஒன்றுகூட இல்லை. அவள் காலமான பிறகுதான் அது தெரியவந்தது.

ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டம். மேடையில் வைக்கப் பெரிய படம் வேண்டும் என்று மகள் கேட்டபோது, படத்துக்கா நம் வீட்டில் பஞ்சம் என்று கொஞ்சம் கர்வமாகவே அலமாரியைத் திறந்தார். குடும்பமே உட்கார்ந்து இரண்டு நாள் தேடியது. மகளின் முதல் பிறந்தநாள் படத்தில் குழந்தையைத் தாங்கிய இரண்டு கைகள் இருந்தன. கைக்குச் சொந்தக்காரியை அவரே கத்தரித்து எறிந்திருந்தார். மகன் பட்டம் வாங்கிய படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளை அட்டையும் அதைப் பிடித்த நான்கு விரல்களும் தெரிந்தன. குடும்பப் படத்தில் எல்லோரும் இருந்தார்கள். பொத்தானை அமுக்கியவள் அவள். சரி, கல்யாணப் படமாவது இருக்குமே என்றால், வெளிச்சம் சரியில்லை என்று மாப்பிள்ளை திரும்பித் திரும்பிப் படம் எடுக்க வந்தவருக்குப் பாடம் நடத்தியதில், மணப்பெண்ணும் முகத்தைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆளையா கட்டிக்கொண்டோம் என்ற பார்வை அது. பேத்தியின் செல்போனிலும் தேறவில்லை. "கொடு, நான் எடுக்கறேன், நீ போய் நில்லு" என்று பாட்டி போனைப் பிடுங்கிக்கொள்வாளாம்.

ஸ்டுடியோவில் விளக்கைப் போடுவது அவர். அந்த வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்து மறுகன்னம் இருண்டுவிடாமல், பக்கத்தில் வெள்ளை அட்டையைப் பிடித்துத் திருப்பிவிடுவது அவள். கை கடுக்கக் கடுக்கப் பிடித்துக்கொண்டே அழுகிற குழந்தையைச் சிரிக்க வைப்பாள், வேலைக்கு மனுப்போட வந்தவனின் காலரைச் சரிசெய்வாள், தொப்பை மாப்பிள்ளைகளை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வாள். இரண்டு பிள்ளைகளை அந்தக் கடைக்குள்ளேயே வளர்த்தாள். பேத்தி கூட்டலும் கழித்தலும் படித்தது, பாட்டி நறுக்கிப்போட்ட பாஸ்போர்ட் படங்களை எண்ணித்தான். பெயர் என்னவோ அவருக்குத்தான் கிடைத்தது. தன்னை ஒரு படம் எடுக்கச் சொல்லி அவளும் நாலைந்து தடவை கேட்டிருக்கிறாள். நீ எங்கே போய்விடப் போகிறாய், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்.

மூன்றாம் நாள் மகன் அம்மாவின் கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வந்தான். நகத்தளவு படம். பெரிதாக்கினால் பல்லைக் காட்டிவிடும். ஆனால் ஸ்டுடியோக்காரர் அதை ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இது நான் எடுத்ததில்ல" என்றார்.

அதெப்படித் தெரியும் என்று மகள் கேட்டாள். மூக்கு நிழல் ஒரு பக்கமாக விழுந்திருக்கிறது, இது ஒற்றை விளக்கு வேலை என்றார். இந்தத் தெருவில் ஒற்றை விளக்கில் காலம் தள்ளுகிற ஆள் ஒருவர்தான்.

எதிர்க்கடைக்காரர். இரண்டு பேரும் பேசி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதலில் கடை வைத்தது யார் என்பதில் வந்த தகராறு, இரண்டு பெயர்ப்பலகையிலும் 'இங்கே முதன்முதலில்' என்று எழுதுவதில் போய் முடிந்தது. நான் போய்க் கேட்கிறேன் என்றாள் மகள். ஸ்டுடியோக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டார். ஞாயிறன்று வெறும் மேடையைப் பார்த்து ஊர் சிரிப்பதைவிட இவனிடம் மூக்கறுபடுவது மேல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

எதிர்க்கடைக்காரர் எழுந்து நின்றார். உள்ளே போய் ஓர் உறையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். உள்ளே பதினொரு படங்கள். வருடத்துக்கு ஒன்று, அவள் பிறந்தநாளன்று. மாவு அரைக்கப் போவதாகவும் மருந்து வாங்கப் போவதாகவும் அவள் சொல்லிவிட்டுப் போன காலைகள் அவை. எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தாள். வந்து உட்கார்ந்ததும் உங்களைப் பற்றித்தான் பேச்சு, பேசிக்கொண்டே சிரித்துவிடுவார்கள், அப்போது அமுக்கிவிடுவேன் என்றார் அவர்.

ஸ்டுடியோக்காரர் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தொழில்புத்தி சும்மா இருக்குமா? பதினொன்றிலும் இடது கன்னம் இருட்டாகக் கிடந்தது.

"இந்தப் பக்கம் செத்துக் கிடக்குதே. ஒரு அட்டை வச்சிருக்கக் கூடாதா?"

"அட்டை இருக்குங்க. பிடிக்கத்தான் ஆளில்ல" என்றார் எதிர்க்கடைக்காரர். "அவங்ககூடக் கேட்டாங்க. நான் வேணா எழுந்து வந்து பிடிக்கட்டுமான்னு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஸ்டுடியோக்காரரும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. அவள் செத்த அன்றுகூட அழாத மனிதர், ஜென்மப் பகையாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கடைசிப் படத்தைப் பெரிதாக்கினார்கள். கம்ப்யூட்டரில் அந்தக் கன்னத்தை வெளிச்சமாக்கித் தரட்டுமா என்று பேத்தி கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்தது. பேசியவர்கள் எல்லோரும் அன்பான மனைவி, பாசமான தாய், பேத்திக்கு உயிரான பாட்டி என்றார்கள். எல்லாம் உண்மை. பேசி முடித்தவர்கள் படத்தருகே வந்து வாயைப் பிளந்தார்கள். அவள் பேசுவதுபோலவே இருக்கிறது, பிரியமானவர் எடுத்தால்தான் முகத்தில் இந்தக் களை வரும் என்று ஆளாளுக்கு ஸ்டுடியோக்காரர் கையைக் குலுக்கினார்கள். இருக்கட்டும்ப்பா, எதுவும் சொல்லாதீங்க என்று மகன் காதோரம் சொன்னான். கடைசி வரிசையில் எதிர்க்கடைக்காரர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நன்றி சொல்ல ஸ்டுடியோக்காரரை மேடைக்கு அழைத்தார்கள். படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இது நான் எடுத்த படம் இல்ல. அதோ, பின்னால உட்கார்ந்திருக்காரே, அவர் எடுத்தது. என் வீட்டுக்காரிய நான் ஒரு தடவகூட எடுக்கல."

அதற்குமேல் சொல்ல நிறைய வைத்திருந்தார். ஒலிபெருக்கியை வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.