ரஸல் ஹெப்வொர்த்தின் அத்தைகள்

ரஸல் ஹெப்வொர்த்துக்கு முதல் அத்தை வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவன் அப்பா ஒரே பிள்ளை, அம்மா அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். ஆகவே அவனுக்கு அத்தை என்று ஒருத்தி இருக்க வழியே இல்லை. இருந்தும் இங்கிலாந்தில், பார்ன்ஸ்லி ஊரின் பின்ஃபோல்டு தெருவில், அவன் வீட்டு வாசலில், ஊதா நிறக் கோட்டும் கைப்பையுமாக ஒரு கிழவி நின்றாள். கோட்டு பச்சை என்று எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார். நான் அன்று ஊரில் இல்லாததால் இரண்டையும் எழுதி வைக்கிறேன். "டீக்குக் கெட்டில் வெச்சியாடா ரஸல்? நின்னு நின்னு இடுப்பு போச்சு" என்று கேட்டபடியே உள்ளே போய் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அந்த நாற்காலி அவளுடையதாயிற்று.

அவள் யாரென்று ரஸலுக்கு உடனே விளங்கிவிட்டது. முந்தின நாள்தான் ஒரு வெள்ளி நிறக் காரை விற்றிருந்தான். ஏலத்தில் வண்டி எடுத்து, கழுவித் துடைத்து, இணையத்தில் 'தனிநபர் விற்பனை' என்று போடுவது அவன் பிழைப்பு. வியாபாரி என்று ஒப்புக்கொண்டால், விற்ற வண்டி சீக்கிரமே படுத்துவிட்டால் சொந்தச் செலவில் பழுது பார்த்துத் தரவேண்டும், இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும். தனி ஆள் விற்றால் வாங்கியவர் பாடு. அதனால்தான் அவன் வாங்க வந்தவரிடம், "எங்க அத்தை வண்டிங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போக மட்டும்தான் எடுப்பாங்க. இப்ப இடுப்பு முடியல" என்று சொன்னான். வந்தவர் நம்பினார். அவர் நம்பிய மறுநாள் காலை, இடுப்பு வலியோடு அந்த அத்தை வந்துவிட்டாள்.

சிவப்பு வண்டிக்குக் கண்பார்வை மங்கிய அத்தை வந்தாள். அத்தை ஸ்பெயினுக்குக் குடிபோய்விட்டதாகச் சொல்லி விற்ற வண்டிக்கு, வெயிலில் கறுத்து, வைக்கோல் தொப்பியோடு ஒருத்தி வந்தாள். ரஸல் பொய்யை மாற்றிப் பார்த்தான், பக்கத்து வீட்டுக்காரி வண்டி என்றான். அதை ஒருவரும் நம்பவில்லை, வண்டியும் விற்கவில்லை. மறுபடி அத்தைக்கே திரும்பினான். இப்படிச் சில வருஷம் போயிற்று. தெருவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் ஓட்டுநர்கள் அந்த வீட்டு முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நிறுத்தப் பழகினார்கள். பிங்கோ விளையாடும் கூடத்தில் பின்வரிசை முழுக்க அத்தைகளுக்கென்று விடப்பட்டது. ஓய்வூதிய அலுவலகம் முதலில் பிறந்த தேதி கேட்டது. அத்தைகள் தத்தம் வண்டி தயாரான தேதியைச் சொன்னார்கள். அலுவலகம் யோசித்துவிட்டுப் பணம் அனுப்பியது. மழைக்கால மாலைகளில் எல்லா அத்தைகளும் ஒரே சமயத்தில் கண்ணயரும்போது, அந்த வீடு தூரத்து நெடுஞ்சாலை மாதிரி மெல்ல இரையும் என்று தெருக்காரர்கள் சொல்கிறார்கள். அதை நானும் கேட்டிருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டியின் சத்தமாகவும் இருக்கலாம்.

டெனீஸ் லம்ப் வந்தது இதற்குப் பிறகு. வீடு வீடாகப் போய் முடியாத கிழவர்களை எழுப்பி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுப்பது அவள் வேலை. கார் இல்லாமல் அந்த வேலை இல்லை. அவளுடைய கார் போன மாதம்தான் வாங்கியது. அதுவும் வேறொருவனிடம் தனிநபர் விற்பனை என்று நம்பி வாங்கியதுதான். இரண்டே வாரத்தில் எஞ்சின் போயிற்று. விற்றவன் "நான் என்ன கடையா வெச்சிருக்கேன்?" என்று போனை வைத்துவிட்டான். திங்கட்கிழமைக்குள் வேறு வண்டி இல்லையென்றால் அவள் பார்க்கும் வீடுகளை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவதாக அவளுடைய அலுவலகம் சொல்லியிருந்தது. இன்னொரு முறை ஏமாற அவளிடம் பணமும் இல்லை.

ஆகவே இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தாள். ரஸல் இணையத்தில் போட்டிருந்த ஒரு நீல வண்டியின் படத்தில் இருந்த புதர்வேலி, வேறு வேறு பெயரில் வந்த இன்னும் பல விளம்பரங்களிலும் இருந்தது. பிறகு போன் போட்டு, எந்த வண்டி என்று சொல்லாமல், "கார் விஷயமா கூப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். ஒரே காரை விற்கிறவன் உடனே பேச ஆரம்பித்துவிடுவான். பல கார் வைத்திருப்பவன்தான் எது என்று கேட்பான். ரஸலுக்கு இந்தத் தந்திரம் தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டான். ஆனால் அவன் பின்னாலிருந்து, சமையலறையிலிருந்து, மாடிப்படியிலிருந்து, குளியலறையிலிருந்து குரல்கள் எழுந்தன: "எந்தக் காரு கண்ணு? என்னோடதா?"

டெனீஸ் சனிக்கிழமை காலை நேரிலேயே வந்தாள். வண்டியின் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அதில் ரஸலின் பெயர் இல்லை.

"அது எங்க அத்தை வண்டிங்க" என்றான் ரஸல்.

டெனீஸ் சன்னலைப் பார்த்தாள். கண்ணாடி நிறைய அத்தைகள். "உங்க அப்பாவுக்கு எத்தனை அக்கா தங்கச்சிங்க, மிஸ்டர் ஹெப்வொர்த்? உங்க தாத்தா வேற வேலையே பாக்கலையா?"

உள்ளே பெரிய சிரிப்பு எழுந்தது. ரஸலின் காது சிவந்தது. அவள் விடவில்லை. "வண்டி பரவாயில்ல, எடுத்துக்கறேன். ஆனா ரசீதுல வியாபாரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இல்லன்னா நான் பஸ்ஸைப் பிடிச்சுப் போறேன்."

"எனக்கு என்னம்மா தலையெழுத்தா? வேற ஆள் வருவான்."

"வருவான்டா, அவன் பின்னாலயே நாளைக்கு ஒருத்தி வருவா" என்றாள் இடுப்பு வலி அத்தை சன்னலைத் திறந்து. "இனி வர்றவ உன் கட்டில்லதான் படுக்கணும். எழுதிக் குடு."

ரஸல் அவளைப் பார்த்தான், மாடியில் தன் அறையைப் பார்த்தான். பிறகு காரின் பானெட் மேல் காகிதத்தை வைத்து, 'ஏலத்தில் எடுத்த வண்டி, விற்பவர் வியாபாரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எழுதுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. மறுநாள் காலை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பால்காரரைத் தவிர யாரும் வரவில்லை. அவனுக்கு நிம்மதியாக இருந்ததா, கொஞ்சம் வருத்தமாக இருந்ததா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பனி விழத் தொடங்கிய வாரத்தில் நீல வண்டியின் கிளட்ச் போயிற்று. டெனீஸ் ரசீதைக் காட்டினாள். ரஸல் முனகிக்கொண்டே சொந்தச் செலவில் பழுது பார்க்க எடுத்துக்கொண்டான். ஆனால் உதிரி பாகம் வந்து சேர நாளாகும், அதுவரை அவளுடைய கிழவர்களை யார் போய்ப் பார்ப்பது? அத்தைகள் கோட்டை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு வீடாகப் பிரித்துக்கொண்டு பனியில் நடந்தார்கள். நடக்க முடியாதவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கண் தெரியாதவள் யாரையும் கேட்காமல் சரியான கதவைத் தட்டினாள். ஒரு வேளை மாத்திரையும் தவறவில்லை. அந்த வார முடிவில் டெனீஸின் அலுவலகத்திலிருந்து வழக்கம்போல எல்லா வீடுகளுக்கும் போன் போட்டுக் குறை உண்டா என்று கேட்டார்கள். குறை ஒன்றுமில்லை. குரௌதர் என்ற கிழவர் மட்டும், வெயிலில் கறுத்த அம்மா காலுறையைச் சூடு பண்ணிப் போட்டுவிடுகிறாள், அவளையே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லி, வியாழக்கிழமைகளை அவளுக்கு ஒதுக்கினார்கள்.