பனியைக் கூட்டியவன்

பலெர்மோவில் இருந்த தமிழ்க் கத்தோலிக்கருக்குள் அழகான கையெழுத்து எமிலியானுசுக்குத்தான். ஐந்து வருடம் இயக்கத்தில் இருந்ததற்கு மிச்சம் அது ஒன்றுதான் என்று அவனே சொல்லித் திரிவான். தோளில் தொங்கிய துவக்கு போய்விட்டது. இடது காலில் இரண்டு விரல்களும் போய்விட்டன. இத்தாலியர் கேட்டால் தேங்காய் விழுந்தது என்பான், அவர்களும் நம்பிவிடுவார்கள். எழுத்து மட்டும் கூடவே வந்துவிட்டது.

அதனால் பலெர்மோவுக்கு வந்த நாளிலிருந்து ஒக்டோபர் கடைசியில் இறந்தவர்களின் பட்டியல் அவன் தலையில்தான் விழும். இறந்தோர் நாளான நவம்பர் இரண்டாம் திகதிப் பூசையில் பங்குச் சுவாமி வாசிக்க வேண்டிய பெயர்களைச் சனங்கள் துண்டுத் தாளிலும் பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்திலும் கிறுக்கிக் கொடுப்பார்கள். அவன் அவற்றை ஒழுங்காகப் பிரதி பண்ணிக் கொடுப்பான். கிழமை நாட்களில் நகரின் சீசாப் பகுதியில் மாடிப்படி கூட்டுகிறவனுக்கு அது கொஞ்சம் மரியாதையான வேலையும்கூட.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, பட்டியல் முடிகிற தறுவாயில் செலஸ்ரீனா வந்தாள். ஞாயிறு மத்தியானம். அவன் அறைக்குக் கீழே கபோச் சந்தையில் மீன்காரர்கள் பலகை கழுவிக்கொண்டிருந்தார்கள். தெற்கிலிருந்து சுடுகாற்று வீசி அறை அடுப்பாகக் கொதித்தது. இருந்த ஒரே கதிரையை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவன் கட்டிலில் இருந்தான்.

"அண்ணை, கேள்விக்குறி போட்டு ஒரு பேர் எழுதலாமோ?"

"கேள்விக்குறியைச் சுவாமி எப்பிடி வாசிக்கிறது, தங்கச்சி? இழுத்துப் பாடுறதோ?"

வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

"ஜூலியின்ரை வகுப்பிலை ரீச்சர் கேட்டவவாம், உங்கடை வீட்டிலை ஆர் செத்தவை, ஆர் சீனிப்பொம்மை கொண்டு வருவினம் எண்டு." ஜூலி அவளுடைய மகள். அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம். இறந்த உறவுகள் நவம்பர் இரண்டில் வந்து பிள்ளைகளுக்கு இனிப்பும் சீனிப்பொம்மையும் வைத்துவிட்டுப் போவார்களாம். "பிள்ளை வந்து கேக்குது, பப்பா கொண்டு வருவாரோ, இல்லாட்டி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறாரோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

எமிலியானுஸ் பேனையின் மூடியைக் கழற்றிப் பூட்டினான்.

"அண்ணை, அவரைக் கடைசியாக் கண்டது நீங்கள். எழுதச் சொன்னா எழுதுவம். வேண்டாம் எண்டா விடுவம். நீங்கள் சொல்லுங்கோ."

அவளுடைய கணவன் ஸ்ரீபன். பலெர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரு இத்தாலியச் சீமாட்டியின் வீட்டு வேலைக்கென்று விசாக் கடுதாசியோடு செலஸ்ரீனாவும் குழந்தையும் முதலே விமானத்தில் வந்துவிட்டார்கள். ஸ்ரீபனுக்கு அந்தக் கடுதாசி கிடைக்கவில்லை, காடு கிடைத்தது. தொண்ணூற்றாறு தை மாதம் உக்ரைன் எல்லைக்குக் கிட்ட நாலு தமிழரும் ஒரு வழிகாட்டியும் பனிக்குள் இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் ஸ்ரீபன், இன்னொருவன் எமிலியானுஸ். இரண்டாம் நாள் விடியத் தூங்கி எழும்பினால் வழிகாட்டியைக் காணவில்லை. சாப்பாட்டுக்கென்றிருந்த பாண் பையையும் காணவில்லை.

அதுவரை தன் இயக்கக் கதையை ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தவன், அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான். மற்ற மூவரும் அவனைச் சேனாதிபதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மன்னார்க் காட்டில் ஐந்து வருடம் நடந்தவனுக்கு இந்தக் காடு எம்மாத்திரம் என்று அவனும் நினைத்தான். பனியை அதுவரை அவன் கண்டது குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டுந்தான் என்பதை ஏனோ யோசிக்கவில்லை. சப்பாத்துக்கு மேல் பொலித்தீன் பை கட்டச் சொன்னான். சட்டைக்குள் பத்திரிகைத் தாளை அடையச் சொன்னான். சத்தம் போடக் கூடாது, ஒருவர் பின்னால் ஒருவர், கடைசி ஆள் நான், என்றான்.

அதன் பிறகு நடந்ததைச் செலஸ்ரீனாவுக்கு அவன் ஒரு விதமாகத்தான் சொல்லியிருந்தான். பொலிஸ் வந்தது, ரோச் லைற்றைக் கண்டேன், ஸ்ரீபனைப் பிடித்துப் போனார்கள். பாவம், பெட்டை அழக்கூடாது என்று வந்த பொய். பொய்க்குக் கால் இல்லை என்று விட்டிருந்தால் சரி. இவன் அதற்கு முத்திரையும் ஒட்டினான். அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு நாட்டுச் சிறைக்கும் செஞ்சிலுவைக்கும் பதினொரு கடிதம் தன் கையாலேயே எழுதினான். அவ்வளவு திறமாக எழுதியதில், பதில் வருகிற நாட்களில் அவனுக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்று எல்லாரும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

"சொல்லுங்கோவன், அண்ணை."

"பொலிஸ் வரேல்லை, தங்கச்சி."

வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"மத்தியானம் இருக்கும். கணுக்கால் அளவு பனி, மா மாதிரி. ஸ்ரீபன் எனக்கு முன்னாலை போனவர். சப்பாத்திலை கட்டின பை கிழிஞ்சு போச்சு. குந்தி இருந்து கட்டினார். 'நீங்கள் போங்கோ அண்ணை, தடத்தைப் பாத்து வாறன்' எண்டார். நான் ஓம் எண்டு அவரைத் தாண்டிப் போனன்."

"பிறகு?"

"இயக்கத்திலை கடைசியா நடக்கிறவனுக்கு ஒரு வேலை இருக்கு. மரக்கொப்பு முறிச்சு, வந்த தடத்தைக் கூட்டி அழிக்கவேணும். ஆமி பின்னாலை வரக்கூடாதெல்லோ. அது என்ரை வேலை. அஞ்சு வருசமும் அதுதான். அண்டைக்கும் காலமையிலை இருந்து கூட்டிக்கொண்டுதான் வந்தனான். அவரைத் தாண்டின பிறகும் கூட்டினன்."

அவள் முதலில் விளங்காதவள்போலப் பார்த்தாள். பிறகு அவன் கைகளைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அவற்றைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. தொடைக்குக் கீழே செருகிக்கொண்டான்.

"பின்னாலை ஒரு மனிசன் வாறார் எண்டு தெரிஞ்சும்?"

"தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியேல்லை. அரை மணித்தியாலம் கழிச்சுத்தான் திரும்பிப் பாத்தன். அப்பிடி வடிவாக் கூட்டியிருக்கு, நானே திரும்பிப் போக வழி இல்லை. சத்தம் போடாதேங்கோ எண்டு சொன்ன நானே தொண்டை கிழியக் கத்தினன். இருட்டுப்படுமட்டும் தேடினம். மற்றவை ரெண்டு பேருக்கும் கால் விறைச்சுப் போச்சு. வந்திட்டம்."

"பனி கொட்டி மூடியிருக்கும்," என்றாள் அவள். அவனுக்காக ஒரு வாசலைத் திறந்து பார்த்ததுபோல இருந்தது.

கிட்டத்தட்ட இரண்டு வருடமாக அவனும் அந்த வாசலால்தான் நுழைய முயன்றுகொண்டிருந்தான். "இல்லைத் தங்கச்சி. அண்டைக்கு நல்ல வெய்யில். ஒரு பொட்டுப் பனி கொட்டேல்லை."

செலஸ்ரீனா அழுவாள் என்று நினைத்தான். அடிப்பாள் என்றும் நினைத்தான். அதற்கு ஆயத்தமாகக் கொஞ்சம் முன்னால் சரிந்தும் இருந்தான். அவள் பட்டியலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மேசையில் இருந்த வெள்ளைத் தாளை அவன் பக்கம் தள்ளினாள்.

"எழுதுங்கோ."

"பேரையோ?"

"கடிதம். இவ்வளவு நாளும் சிறையளிலை தேடச் சொல்லி எல்லோ எழுதினனாங்கள். காட்டிலை ஒருத்தரும் தேடேல்லை. இனித் தேடட்டும். ஏதும் கிடைச்சா பேரை எழுதுவம்."

அவன் பேனையை எடுத்தான். திகதியை எழுதினான். ஐயா, என்று எழுதினான். ஸ்ரீபனின் முழுப் பெயரையும் பிறந்த நாளையும் எழுதினான்; அவை அவனுக்கு மனப்பாடம். மண்ணிறக் கம்பளிச் சட்டை, கழுத்தில் செபமாலை, இடது சப்பாத்தில் நீலப் பொலித்தீன் பை என்று எழுதினான். எழுத்து வழக்கம்போல முத்து முத்தாக வந்தது. அதைப் பார்க்க அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"இடத்தையும் போடுங்கோ. அந்தக் காட்டுக்கு என்ன பேர்?"

"தெரியாது."

"கிட்ட என்ன ஊர்?"

"ஊர் ஒண்டும் காணேல்லை."

"ஆறு, றோட்டு, ஏதும் ஒரு கோயில்?"

"எல்லாம் வெள்ளை, தங்கச்சி. எல்லை தாண்டினதோ தாண்டேல்லையோ எண்டுகூட எனக்குத் தெரியாது."

பேனை முனை தாளில் நின்ற இடத்தில் ஒரு சிறு நீலப் புள்ளி பரவத் தொடங்கியது. அவன் கையை எடுத்தான்.

செலஸ்ரீனா கதிரையை மேசைக்குக் கிட்டவாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"யோசிச்சுப் பாருங்கோ, அண்ணை," என்றாள். "எனக்கு இண்டைக்கு வேலை இல்லை."