எண்ணெயில் வெந்த விரதம்

எடை பார்க்கும் கருவியின் முள்ளை டாக்டரம்மா குனிந்து பார்த்தார், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குறைந்திருக்க வேண்டிய நான் இரண்டு கிலோ கூடியிருந்தேன்.

"நீங்க தம்பிக்குக் கிட்னி குடுக்க வந்த ஆளா, இல்ல கொழுக்க வந்த ஆளா?"

சுருக்கென்றது. குளிர்காலம் முழுக்கப் பனியிலும் சேற்றிலும் ஊருக்கு மேலே இருக்கும் குன்றில் தினமும் ஏறி இறங்கியவன் நான். வழியிலிருக்கும் தெரு நாய்கள்கூட என்னைக் கண்டு குரைப்பதை விட்டுவிட்டன. என் தம்பி லூபிஷா ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறான். என் உடம்பு இளைத்தால்தான் கத்தியை எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கோ காத்திருக்க அதிக காலமில்லை.

"தினமும் நடக்கிறேன் டாக்டர். சாப்பாடும் நீங்க சொன்ன போஸ்னோதான்."

"என்ன போஸ்னோ? சொல்லுங்க பார்ப்போம்."

சொன்னேன். எண்ணெயில் மிதக்கும் பீன்ஸ், ரொட்டி, வால்நட் வைத்துச் சுருட்டிய பலகாரம், சாயங்காலம் ஹல்வா. இறைச்சி கிடையாது, முட்டை கிடையாது, ஒரு சொட்டுப் பால்கூடக் கிடையாது. அவர் பேனாவை மேசையில் போட்டார்.

எங்கள் செர்பிய மொழியில் கொழுப்பில்லாத உணவும் போஸ்னோ, ஈஸ்டருக்கு முந்தைய விரதச் சாப்பாடும் போஸ்னோ. அவர் கேட்டது முதலாவது. என் வீட்டில் வெந்தது இரண்டாவது.

"விரதமெல்லாம் சாமிக்கு. எனக்குக் கலோரிக் கணக்கு வேணும். குன்று ஏறி நீங்க எரிச்சதை ஒரு துண்டு ஹல்வா திருப்பிக் குடுத்துடும். அடுத்த மாசமும் இப்படி வந்து நின்னா கிட்னி குடுக்கிறவங்க பட்டியல்லேருந்து உங்க பேரை எடுத்துடுவேன்."

பஸ்ஸில் வரும்போது என்னை நானே திட்டிக்கொண்டேன். பாதி வழியில்தான் உறைத்தது. நான் முட்டாள், சரி. என் மனைவி தெசாங்கா? மகள் கல்யாணத்துக்கு முன்னால் எண்ணெயைச் சின்னக் கரண்டியில் அளந்து, ரொட்டியை மெழுகுத்தாள் போல அறுத்துத் தின்று உடம்பைக் குறைத்தவள் அவள். எதில் எவ்வளவு கலோரி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

அடுப்படியில் நின்றிருந்தாள்.

"டாக்டர் சொன்ன போஸ்னோ இது இல்லையாம்."

"கறி போட்டேனா? முட்டை போட்டேனா? பாதிரியாரையே கூட்டிட்டு வா, அவரே குத்தம் சொல்ல மாட்டாரு."

"உனக்குத் தெரியும், தெசாங்கா."

கரண்டி நின்றது. "தெரியும். அதுக்கென்ன இப்போ?"

"அவன் செத்துடுவான்டி!"

"நீ செத்தா? ஒண்ணை அறுத்துக் குடுத்துட்டு மிச்சம் இருக்கிறதும் போச்சுன்னா, அவன் பொண்டாட்டி வந்து குடுப்பாளா? நம்ம கல்யாணத்துல எல்லார் முன்னாடியும் என்னை 'அண்ணன் ஓட்டிட்டு வந்த பன்னி'ன்னு சொன்னவன் அவன். அவனுக்கு உன் வயித்தைக் கிழிச்சு விருந்து வைக்கணுமா?"

அந்த நிமிஷம் அவளை வெறுத்தேன். அவள் பயந்து போயிருக்கிறாள் என்பதும் தெரிந்தது. அதையும் சேர்த்து வெறுத்தேன்.

தட்டில் வைத்த பீன்ஸைச் சல்லடையில் கொட்டிக் குழாயடியில் பிடித்தேன். தண்ணீர் ஓடியது, எண்ணெய் போகவில்லை. விரல்களால் தேய்த்தேன். பின்னால் போன் அடித்தது. அவள் எடுத்தாள். குரல் ஒரேயடியாகக் குழைந்துவிட்டது.

"லூபிஷாவா? சாப்பிட்டியாப்பா? உங்க அண்ணனா? நல்லா இளைச்சுட்டு வர்றாரு. கால்சட்டையெல்லாம் இடுப்புல நிக்க மாட்டேங்குது."

இதைச் சொல்லும்போது கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை. பிறகு போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பேசு மகராசா. நீயே சொல்லு."

"அண்ணே?" என்றது போன். "அண்ணே, எவ்வளவு குறைஞ்சுது?"

குழாயை மூடாமல், எண்ணெய் வழுக்கும் கையால் அதை வாங்கினேன்.