முதல் நாள் படம்

குணமான நோயாளி குவாக் நன்றியாகக் கொண்டுவந்த சிப்பிப் பொட்டலம் வைத்தியசாலை மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது. வைத்தியர் உன்சோல் அதைக் கவனிக்கவே இல்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்த கைபேசியில் சோக்வான் விடுவதாக இல்லை. கல்லூரியில் கூடப் படித்தவன், இப்போது கொரிய மரபு வைத்தியர்களின் இதழை நடத்துகிறான்.

“எழுது எழுதுன்னு கெஞ்சினது நான்தான். கேஸ் அருமை, ஒத்துக்கறேன். ஆனா வைத்தியம் ஆரம்பிச்ச முதல் நாள் போட்டோ எங்கே? அது இல்லாம போட்டா ஆஸ்பத்திரிக்காரங்க கைகொட்டிச் சிரிப்பாங்க. ஊசி குத்தத் தெரியுது, ஒரு படம் எடுக்கத் தெரியலியா உனக்கு? நாளைக்குள்ள அனுப்பு.”

அழைப்பு முடிந்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘இனி இவ்வளவுதான்’ என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த, வாதத்தில் கோணிப்போன குவாக்கின் முகம் அது. குளிர்காலம் முழுக்க ஊசியும் கஷாயமுமாக அவள் நேராக்கிய வாய். உங்கள் வைத்தியத்துக்கு ஆதாரம் எங்கே என்று தொலைக்காட்சியில் எவனாவது கேட்கும்போதெல்லாம் வயிறெரிந்தவள், இந்த ஒன்றையாவது அச்சில் ஏற்றிவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்துக் கட்டுரை எழுதியிருந்தாள். முதல் நாள் வாசல்வரை கூட்டம். படம் எடுக்க யாருக்கு நேரம் இருந்தது?

எதிரே உட்கார்ந்திருந்த குவாக்கும் மனைவியும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள்.

“இதுக்கா டாக்டரம்மா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டீங்க? நான் வாயக் கோணிக்கிறேன், எடுத்துக்குங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

“தப்புங்க அது.”

“பொய்யா சொல்றோம்? கோணித்தானே கெடந்துச்சு!”

உன்சோல் தயங்கித் தயங்கிக் கைபேசியை உயர்த்தினாள். குவாக் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை இடப்பக்கம் இழுத்து, ஒரு கண்ணை மட்டும் அகல விழித்தார். அப்படியே முதல் நாள் முகம்தான் என்று அவளுக்கும் பட்டது.

“யோவ், அந்தப் பக்கம் இல்லய்யா,” என்றாள் மனைவி. “வலப்பக்கம். கஞ்சி ஊட்டினவ நான், எனக்குத் தெரியாதா?”

“என் வாய்டி. எனக்குத் தெரியாதா?”

இருவரும் உன்சோலைப் பார்த்தார்கள். அவள் கணினியில் அவருடைய பதிவைத் திறந்தாள். ஊசி குத்திய இடங்களின் பெயர்கள் ஒன்று விடாமல் இருந்தன. எந்தப் பக்கம் என்று ஒரு நாள்கூட எழுதவில்லை. பார்த்தாலே தெரிவதை எவன் எழுதுவான்? கட்டுரையில் ‘இடப்பக்கம்’ என்று உறுதியாக எழுதியிருந்தாள். எதை வைத்து எழுதினாள் என்பது இப்போது நினைவில்லை. கண்ணை மூடி அந்த முகத்தை வரவழைத்துப் பார்த்தாள். நேரான முகம்தான் வந்தது. தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

“சொல்லுங்க டாக்டரம்மா.” குவாக் வாயை வலப்பக்கம் இழுத்தார். “இதா?” பிறகு இடப்பக்கம். “இல்ல, இதா?”

கைபேசித் திரையில் அவர் முகம் இங்கும் அங்கும் கோணிக்கொண்டே இருந்தது.