நீல டப்பா

செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் மிளகாய். வைத்தவன் மாப்பிள்ளை. எந்த வேலைக்கும் மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவன் போல வந்து நிற்பான் என்பதால், அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவள் அவள்.

ஆராய்ச்சிப் படிப்புக்குத் தாவரவியல் மேடத்திடம் ஒரே ஓர் இடம் இருந்தது. ஆளுக்கொரு மேசை, ஒரே மண், ஒரே பீன்ஸ் விதை. உரம் அவரவர் இஷ்டம். யார் மேசையில் காய் அதிகமோ அவருக்கே இடம் என்று மேடம் சொல்லிவிட்டார். இடம் கிடைக்காவிட்டால் மாப்பிள்ளைக்கு அப்பாவின் கம்பெனி இருந்தது. மிளகாய்க்கு அம்மாவின் தையல் கடை இருந்தது. அங்கே பட்டன் தைக்கப் பட்டம் தேவையில்லை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

மாப்பிள்ளை படித்துத் தேறியவன் இல்லை, எட்டிப் பார்த்துத் தேறியவன். அவள் எழுதியதை அப்படியே எழுதி, கூட ஒரு படமும் வரைந்து, அவளைவிட அதிக மார்க் வாங்குவான். அவள் புகார் சொன்னபோது, கூடப் படிக்கிற பையன்தானே, அனுசரித்துப் போ என்றார் மேடம். அனுசரிப்பது அவளுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது.

விதை முளைத்ததுமே அவன் கண் அவள் மேசையில் மேய ஆரம்பித்தது. அவள் ஒரு காலி உர டப்பாவைத் தேடி எடுத்தாள். நீல டப்பா. தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பினாள். காலையில் அவன் வரும் நேரம் பார்த்து, களவாணி போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே செடிகளுக்கு ஊற்றினாள்.

அவன் விடுவானா? அசல் உரத்தையே வாங்கி வந்து, அவள் ஒரு கை ஊற்றினால் இரண்டு கை ஊற்றினான். போதாதென்று ஒரே தொட்டியில் மூன்று நாற்றை நெருக்கி நட்டான்.

சத்து குறைந்தால் செடி முதலில் வேரை நீட்டித் தேடும். சத்து கொட்டிக் கிடந்தால் வேருக்கு ஏன் மெனக்கெட வேண்டும்? இலையை விரித்து ஊருக்குக் காட்டும். பக்கத்தில் இன்னொன்று முட்டினால் வெளிச்சம் போய்விடுமோ என்று பயந்து தண்டை நீட்டும். இப்படிச் செலவழித்த பிறகு காய்க்க என்ன மிஞ்சும்? முதல் வருடப் பாடம் இது. அவள் விடைத்தாளைப் பார்த்து மாப்பிள்ளையும் எழுதியிருக்கிறான்.

அவன் மேசை காடானது. அவள் செடிகளோ அசையவே இல்லை. போனில் படம் பார்த்த அம்மா, "செடியாடி இது, பல்லு குத்துற குச்சி மாதிரி இருக்கு. அந்தப் பையன் என்ன ஊத்துறான்னு கேட்டு நீயும் ஊத்தேன்," என்றாள். அன்று மிளகாய் நிஜ உரத்தின் மூடியைத் திறந்துகூடப் பார்த்துவிட்டாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மூடினாள்.

குச்சிகள் பூத்தன. காய்த்தன.

தீர்ப்பு நாளில் மேடம் மாப்பிள்ளையின் காட்டுக்குள் கையை விட்டுத் துழாவினார். நாலைந்து காய் கிடைத்தது. ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். அரும்பு மீசை போல ஒரு கொத்து வேரோடு சுலபமாகக் கையில் வந்தது. மிளகாயின் செடியை இழுத்தபோது தொட்டியும் கூடவே வந்தது.

"இவ்வளவு உரம் யாருப்பா போடச் சொன்னா?"

"இவதான் மேடம் தினமும் போட்டா. நான் கொஞ்சம் சேர்த்துப் போட்டேன்."

மேடம் அவள் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா ஊத்தின?"

"தண்ணி மேடம்."

மேடம் நீல டப்பாவை எடுத்து முகர்ந்தார். "இவனை ஏமாத்தினியா?"

"நான் என் செடிக்குத் தண்ணி ஊத்தினேன். அதை எட்டிப் பார்க்கச் சொல்லி இவனை நான் கூப்பிடலையே மேடம்."

மேடத்தின் உதடு துடித்தது. சிரிப்பை விழுங்கிவிட்டு, இடம் அவளுக்கென்றார். குறும்புக்குத் தண்டனையாக மாப்பிள்ளையின் மேசை முழுவதையும் வேர் கழுவி எடைபோடும் வேலையையும் அவளுக்கே கொடுத்தார். கழுவ வேர் அதிகம் இல்லை. மதியத்துக்குள் முடித்துவிட்டாள்.

மறுவாரம் வகுப்புக்காகச் சத்தில்லாத வெறும் மணலில் புது விதை போட்டபோது மாப்பிள்ளை பக்கத்தில் வந்து, முதல் தடவையாக வாயைத் திறந்து கேட்டான். "டப்பால என்ன?"

"உரம்," என்றாள். இந்தத் தடவை நிஜமாகவே உரம்தான்.

அவன் கண்ணைச் சிமிட்டிவிட்டு, தன் செடிகளுக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு ஓடினான்.