முதுகுப் பக்கத்து ஜிப்

கடல் என்னவோ வெதுவெதுப்பானதுதான். ஆனால் நாள் முழுக்கச் சுற்றுலாப் பயணிகளை முக்குளிக்கக் கூட்டிப்போகும் அவளுக்கு மாலையில் பல் தந்தியடிக்கும். அதனால் தண்ணீர் புகாத, கனமில்லாத முக்குளிப்பு உடையான டிரைசூட் வாங்க வந்திருந்தாள்.

கடைக்கார அக்கா இரண்டை எடுத்து விரித்தாள். ஒன்றுக்கு மார்பின் குறுக்கே ஜிப். மற்றதற்கு முதுகில், ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை.

"முன்னாடி ஜிப் வச்சதை எடுத்துக்கோ. நீயே போட்டுக்கலாம். மத்தது இன்னொருத்தர் இழுத்து விடணும். உன் வீட்டுக்காரர் இருந்தப்போ சரி..." அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவாயில்லக்கா."

பழைய உடைக்கும் முதுகில்தான் ஜிப். கணவன் அதை இழுத்து மூடியதும் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டுவான். அவன் இறந்தபின் படகில் எல்லோரும் மரியாதையாக ஒதுங்கியே நின்றார்கள். அவளும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. தன்னைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்பதுகூட நினைவில்லை.

"முதுகு ஜிப்பே குடுங்கக்கா."

"என்னடி, எல்லாரும் ஒரு வழி போனா நீ ஒரு வழி! தினமும் யாரைப் போய்க் கூப்பிடுவ?"

"யாரையாவது கூப்பிட்டுத்தானேக்கா ஆகணும்?"

அக்கா அந்த உடையை எடுத்து நீட்டினாள். அவள் உடைக்குள் கைகளை நுழைத்து, கண்ணாடி முன் அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அக்கா... கொஞ்சம் இழுத்து விடுறீங்களா?"